அப்பா பல்பு

முதலில் கேட்டவள் தர்மிளாதான். பின்னாளில் அவள் அதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "ஒன் புருஷன் ஒன்ன வேவு பாக்கத்தானே அத அனுப்பினான்?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அப்படியில்லை. வாய் திறந்து கேட்டவள் அவளேதான்.

அவள் புருஷன் யோகராஜ் கட்டாருக்குப் போகும்போது மகள் டிலுக்ஷிக்கு ஒன்றரை வயது. இப்போது ஐந்து முடிந்துவிட்டது. அங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் அவனுக்குக் காவல் வேலை. பதினாறு திரைகளுக்கு முன்னால் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து, யார் லிஃப்டில் ஏறினார்கள், யார் காரை எங்கே நிறுத்தினார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வீட்டுக்கு அழைப்பான். பிள்ளைக்கு போன் என்றால் கார்ட்டூன். அப்பாவின் அழைப்பு வந்தால் கார்ட்டூன் நின்றுவிடும். அதனால் அவன் முகம் திரையில் தோன்றியதும் வீரிட்டு அழுவாள். மறுமுனையில் அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்து, முடியாமல் தலையைக் குனிந்துகொள்வான்.

"பிள்ளைக்கு ஒங்க மொகமே பிடிக்காம போகுதுங்க," என்றாள் தர்மிளா ஒருநாள். "நீங்க இங்கேயே இருக்கிற மாதிரி ஏதாச்சும் செய்யணும். அது சாப்புடுறப்ப, வெளையாடுறப்ப நீங்க பாக்கணும், பேசணும். இப்புடியே போனா நீங்க வந்து நிக்கிற அன்னிக்கு யாரு நீங்கன்னு கேக்கும்."

இரண்டு வாரத்தில் மாவனல்லை டவுனில் போன் கடை வைத்திருக்கும் ஷிராஸ் மோட்டார் சைக்கிளில் ரப்பர் தோட்டத்துக்கு ஏறி வந்தான். வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் காம்பராவின் முன்னறையில் தொங்கிய பல்பைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் வெள்ளையாய், குண்டாய் ஒன்றைத் திருகினான்.

"இது பல்ப் மாதிரியும் எரியும் தங்கச்சி. உள்ளுக்க கெமரா ஈக்கிது, மைக் ஈக்கிது, ஸ்பீக்கரும் ஈக்கிது. அண்ணன் அங்க இருந்தே இதுட தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கலாம். இந்த ரவுட்டர மட்டும் ஓஃப் பண்ணிப் போடாதீங்க."

"நாங்க அவர பாக்கலாமா?"

"அது ஏலா. அவர் ஒங்களப் பாப்பார். நீங்க அவர்ட சத்தத்தக் கேப்பீங்க."

ஷிராஸ் போன கொஞ்ச நேரத்தில் பல்பு இடமும் வலமுமாய் அசைந்தது. ஒருமுறை இருமியது. பிறகு, "டிலு குட்டி," என்றது.

பிள்ளை அண்ணாந்து பார்த்தாள். முகமும் இல்லை, கார்ட்டூனும் நிற்கவில்லை. "யாரு?" என்றாள்.

"அப்பாம்மா."

அன்று அவள் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் பல்புக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தர்மிளா சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். பல்பும் மூக்கை உறிஞ்சிற்று.

முதல் மாதம் வீட்டில் திருவிழாதான். பிள்ளை எழுதிய 'அ'வைத் தூக்கிக் காட்டுவாள், ஆடிக் காட்டுவாள், விழுந்த பல்லைக் காட்டுவாள். யோகராஜ் அங்கே பதினாறு திரைகளுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, பதினேழாவதாய் இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தர்மிளா விடியலில் ரப்பர் மரம் வெட்டப் போய், பாலைச் சேர்த்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு, மத்தியானம் வீடு திரும்புகிறவள். இப்போது முன்னறைக்குள் நுழையுமுன் பின்பக்கமாய்ப் போய் ரப்பர் பால் நாற்றம் போகக் கைகால் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டாள். ஒருநாள் கூட்டிக்கொண்டிருந்தபோது, "அந்தப் பச்சைச் சட்ட ஒனக்கு நல்லாருக்கு," என்றது பல்பு. அன்று முழுக்க அவளுக்கு வேலை வேலையாகவே தெரியவில்லை. நாலு வருஷமாய் அவளை யாரும் பார்க்கவில்லை. இப்போது ஒருவன் பார்க்கிறான்.

"குடுத்து வச்சவ நீ," என்றாள் பக்கத்துக் காம்பரா நிரோஷா. "எங்கூட்டுக்காரன் பக்கத்துலயே இருந்தும் என்னய பாக்க மாட்டேங்கிறான்."

பார்த்துக்கொண்டே இருக்கிறவனுக்குப் பார்த்தது போதாமல் போயிற்று. அதுதான் வினையாய் முடிந்தது.

"மத்தியானம் ரெண்டே காலுக்கு எங்க போன?"

"பைப்படிக்குங்க. தண்ணி புடிக்க."

"பைப்படிக்கு நாப்பது நிமிஷமா?"

வேலையில் அவன் பழகியது அதுதான். ஒரு திரையிலிருந்து மறைகிற ஆள் இன்னொரு திரையில் எத்தனை நிமிஷத்தில் தோன்ற வேண்டும் என்று அவனுக்குக் கணக்கு உண்டு. இங்கே இன்னொரு திரை இல்லை. வாசல் தெரிகிற மாதிரி கதவைத் திறந்தே வைக்கச் சொன்னான். திறந்து வைத்தாள். அவள் அடுப்படிக் குசினியில் நின்று உடுப்பு மாற்றினால், "அங்க அப்புடி என்ன வேல?" என்று கேட்டான். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் துவாயை எடுத்துப் பல்பின்மேல் போட்டுவிட்டாள். அவன் மூன்று நாள் பேசவில்லை. துவாயை எடுத்த பிறகும் பேசவில்லை. பிள்ளை மூன்று நாளும் பல்பைப் பார்த்து, "அப்பா, அம்மாதான் செஞ்சாங்க, நான் இல்ல," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். காய்ச்சலே வந்துவிட்டது. தர்மிளா கடைசியில் பல்புக்குக் கீழே நின்று மன்னிப்புக் கேட்டாள். பல்பு பேசிற்று. பிள்ளையின் காய்ச்சல் இறங்கிற்று.

அந்த வீட்டில் யார் சொல் செல்லும் என்று டிலுக்ஷி அப்போது படித்துக்கொண்டாள். அம்மா படு என்றால் படுக்க மாட்டாள், மேலே பார்ப்பாள். பிஸ்கட் இல்லை என்றால், "அப்பா, அம்மா தர மாட்டேங்கிறா," என்பாள். "குடுத்துரு தர்மிளா," என்று பதில் வரும். 'அப்பா பல்பு' என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தாள். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடும்போது ஒருத்தியைக் கதிரையில் ஏற்றிவிட்டு, "நீதான் அப்பா பல்பு, எல்லாரையும் பாரு," என்பாள்.

வாசலுக்கு வெளியே பல்புக்குக் கண் எட்டாது. அதற்கு அவனுக்குப் பிள்ளை கிடைத்தாள்.

"அம்மா பைப்படில யாரோட பேசினாங்க குட்டி?"

"நிரோஷா அக்காவோட."

"வேற?"

"வேற இல்ல."

பிள்ளை நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி நின்றாள். சொல்ல ஒன்றும் இல்லாத நாட்களில் அப்பா சீக்கிரம் போய்விடுவார். சொல்ல ஏதாவது இருந்தால், "என் தங்கமே, வேற என்ன பாத்த?" என்று குரல் இளகும். ஒருநாள், "சைக்கிள்ல போன மாமா அம்மாவ பாத்துச் சிரிச்சாரு," என்றாள். அந்த வாரமே அப்பா சொன்னதாய் ஷிராஸின் கடையிலிருந்து ஒரு ரோஸ் நிறப் புத்தகப் பை வந்தது. அடுத்த தடவை, நடந்தால் அடியில் மின்னுகிற சப்பாத்து.

தர்மிளாவுக்கு இது தெரியாமல் இல்லை. எந்த மாமாவும் சிரிக்கவில்லை என்றும் தெரியும். 'சின்னப் பிள்ளை ஏதோ சொல்லுது, சாமான் வந்தா வரட்டும்' என்று விட்டுவிட்டாள். சப்பாத்து வந்த அன்று அவள்தான் குந்தி உட்கார்ந்து அதைப் பிள்ளையின் காலில் மாட்டிவிட்டாள்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் விடியலிலேயே மழை பிடித்துக்கொண்டது. மழையில் ரப்பர் வெட்டு இல்லை. பள்ளிக்கூடம் லீவு. தாயும் மகளும் வீட்டில் இருந்தார்கள். பத்து மணிக்குக் காற்றில் ஒரு மரம் மின்சாரக் கம்பியில் சாய்ந்து கரண்ட் போயிற்று. ரவுட்டர் அணைந்தது, பல்பு அணைந்தது. தர்மிளாவுக்கு ஒரு கணம் நெஞ்சுக்குள் காற்றோட்டமாய் இருந்தது. கதவைப் பாதி சாத்தினாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் வீடு வீடாய் பேக்கரி ரொட்டி, பணிஸ் விற்கிற சூன் பான் த்ரீவீல் பாட்டுப் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தது. ஓட்டுகிறவர் நல்லையா. ஐம்பது தாண்டிய மனுஷன், மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன், லயத்தில் எல்லாருக்கும் அவர் பான் மாமா. மழை வலுத்ததால் தர்மிளாவின் வாசல் கூரைக்குக் கீழே ஒதுங்கினார். அவள் பால் விடாத பிளேன்டி ஒன்று ஊற்றிக் கொடுத்தாள். அவர் டிலுக்ஷிக்கு ஒரு ஜாம் பணிஸ் கொடுத்தார். மழை விட்டதும் போனார். நடந்தது அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் வந்தது.

"எங்க போனீங்க ரெண்டரை மணித்தியாலமா?"

"கரண்ட் கட்டுங்க. கம்பில மரம் விழுந்திருச்சு."

"டிலு, இங்க வா. யாரு வந்தது வீட்டுக்கு?"

"பான் மாமா."

"மழைக்கு ஒதுங்கினாருங்க," என்றாள் தர்மிளா. "பிளேன்டி ஊத்திக் குடுத்தேன்."

"ஒன்ன கேக்கல. டிலு, பான் மாமா எங்க இருந்தாரு?"

"வாசல்ல."

"உள்ள வரலியா?"

பல்பின் தலை மெல்லத் திரும்பிப் பிள்ளைக்கு நேராக நின்றது.

"உள்ள வந்தாரா குட்டி? பயப்படாம சொல்லு. அப்பா ஏச மாட்டேன்."

"வந்தாரு."

"கதவ சாத்தினாங்களா?"

"சாத்தினாங்க."

"ஒன்ன வெளிய போய் வெளையாடச் சொன்னாங்களா?"

"ம்."

கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. பிள்ளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தாள். தர்மிளாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும், "பொய்ங்க! சாமி சத்தியமா பொய்ங்க!" என்று கத்தினாள்.

"பச்சப் பிள்ள பொய் சொல்லுமா?" என்றது பல்பு.

மறுநாள் காலையில் கீழ் வளைவில் வைத்து நல்லையாவை அடித்தார்கள். யோகராஜின் தங்கை கிருஷ்ணகுமாரியின் புருஷனும் இன்னும் இரண்டு பேரும். த்ரீவீலை ரோட்டோரக் கானுக்குள் கவிழ்த்தார்கள். பானும் பணிசும் சேற்றுத் தண்ணீரில் மிதந்தன. நல்லையாவுக்கு ஒரு பக்கக் காது கேட்காமல் போயிற்று. அவர் போலீசுக்குப் போகவில்லை. பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைக் கோர்ட்டு வரைக்கும் இழுக்க அவரால் முடியாது. அதற்குப் பிறகு லயத்துக்குப் பான் வரவில்லை. தர்மிளா குற்றமற்றவள் என்று தெரிந்தவர்கள்கூட, "நீ எதுக்கு அந்த மனுஷனுக்குத் தேத்தண்ணி குடுத்த?" என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகுமாரியும் புருஷனும் வந்தார்கள். வாசல் முழுக்க லயத்துச் சனம். பல்பு உத்தரவு போட்டது.

"முட்டி போடு. பிள்ள தலையில கைய வச்சு சத்தியம் பண்ணு."

தர்மிளா முட்டி போட்டாள். பிள்ளையின் உச்சியில் கையை வைத்தாள். "நான் ஒரு தப்பும் செய்யல. பான் மாமா வாசப்படி தாண்டல," என்றாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, "டிலு, அம்மா மொகத்தப் பாத்துச் சொல்லும்மா. அன்னிக்கு நடந்தத நடந்த மாதிரி சொல்லு. அம்மா ஒன்னும் செய்ய மாட்டேன்," என்றாள்.

டிலுக்ஷி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்தாள்.

"அப்பா, இப்ப நான் என்ன சொல்லணும்?"

வாசலில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். கடல் கடந்து எங்கேயோ ஒருவன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கணத்தில் அவனுக்கு உண்மை தெரிந்துவிட்டது என்றே தர்மிளா நம்பினாள். இன்றுவரை நம்புகிறாள்.

"அப்பாகிட்ட சொன்னத சொல்லு," என்றது பல்பு.

பிள்ளை சொன்னாள். உள்ளே வந்ததையும் கதவு சாத்தியதையும் சொன்னாள். பிறகு, கேட்டவர்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தாள். "அம்மா என்னய யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னா."

தர்மிளாவின் கை எப்படி எழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. அறை விழுந்த சத்தம்தான் தெரிந்தது. பிள்ளை பக்கத்துச் சுவரில் போய் மோதினாள். உதட்டில் பல் பட்டு இரத்தம் வந்தது.

"பதிவாகிருச்சு," என்றது பல்பு.

பதினொரு விநாடி வீடியோ. முட்டி போட்டதும் இல்லை, சத்தியமும் இல்லை, பிள்ளை அண்ணாந்து கேட்டதும் இல்லை. ஒரு தாய் கை ஓங்குகிறாள், ஒரு சின்னப் பிள்ளை சுவரில் விழுகிறாள். யோகராஜ் முதலில் சொந்தக்காரர் குரூப்பில் போட்டான். யாரோ அதை எடுத்து, சோக இசை சேர்த்து, 'கள்ளத் தொடர்புக்காகப் பெற்ற பிள்ளையை வதைக்கும் தாய்' என்று பேஸ்புக்கில் போட்டார்கள். சிங்களத்திலும் எழுதிப் போட்டார்கள். மூன்றாம் நாள் தர்மிளா மாவனல்லைக்கு பஸ்ஸில் போனபோது, பக்கத்து சீட்டுப் பெண்ணின் கையில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் 'ச்சீ' என்றாள். திரும்பத் திரும்ப மூன்று தரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கித் தர்மிளாவைப் பார்த்தாள். தர்மிளா அடுத்த ஹோல்டில் இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே போனாள்.

பிள்ளைகள் பாதுகாப்பு அதிகாரிகள் வந்தார்கள். விசாரணை முடியும்வரை பிள்ளை தகப்பனின் தங்கை வீட்டில் இருக்கட்டும் என்று கோர்ட்டில் சொன்னார்கள். தாய் ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் போய்ப் பார்க்கலாம். பிள்ளையோடு பல்பையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அது இல்லாமல் பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறாளாம்.

கிருஷ்ணகுமாரியின் வீடு அதே தோட்டத்தின் அடுத்த டிவிசனில். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், டிலுக்ஷியைவிடச் சின்னவை. முதல் ஞாயிறுகளில் டிலுக்ஷி பல்புக்குக் கீழே கதிரையில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். படிச்சேன். ஐந்தாவது ஞாயிறு கிருஷ்ணகுமாரி தர்மிளாவைத் தேத்தண்ணி ஊற்றுகிற சாக்கில் குசினிக்குக் கூப்பிட்டு, அடுப்புச் சத்தத்துக்குள் மெதுவாய்ப் பேசினாள்.

"அண்ணி, எனக்கு பயமா இருக்கு. என் பிள்ளைக சீனி அள்ளித் தின்னாலும் ஒங்க மக அண்ணன்கிட்ட சொல்லுது. எங்கூட்டுக்காரர் குடிச்சிட்டு வந்தாலும் சொல்லுது. செய்யாததையும் சொல்லுது. நான் இப்ப இங்கதான் உடுப்பு மாத்துறேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு நான் ஒங்கள நம்பியிருக்கணும்."

தர்மிளா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தாள். அந்த மன்னிப்பு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. பிள்ளைதான் வேண்டும். டவுனில் அவள் வழக்கைப் பார்க்கிற லோயர் அம்மா அந்த வாரம் சொல்லியிருந்தார்: "சும்மா கேட்டா தர மாட்டாங்க. அங்க பிள்ளைக்குக் கஷ்டம் இருக்குன்னு காட்டணும். அவங்க வீடியோவ வச்சுத்தானே வந்தாங்க? ஒங்ககிட்ட என்ன இருக்கு?"

ஏழாவது ஞாயிறு கிருஷ்ணகுமாரி கருவாட்டுக் குழம்பு வைத்து, தர்மிளாவுக்கும் சேர்த்துச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். டிலுக்ஷி அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். குளிக்கிற தட்டியைத் தாண்டி, கொய்யா மரத்தடிக்குப் போனதும் நின்றாள்.

"இங்க தெரியாது. சத்தமும் கேக்காது. நான் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்."

"என்னம்மா?"

"அத்தை என்னய சுட்டாங்க."

சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே அரை விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. தர்மிளாவுக்கு அந்தத் தழும்பைத் தெரியும். மூன்று வயதில், தர்மிளாவின் குசினியில், ரொட்டிச் சட்டியில் கை பட்டது. மருந்து தடவி, இரவு முழுக்க ஊதிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"இத போன்ல எடுத்தா எனக்கு என்ன வாங்கித் தருவ?" என்றாள் டிலுக்ஷி.

தர்மிளா மகளைப் பார்த்தாள். வளர்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் முளைத்து வந்திருந்தன. குசினியில் குழம்பு தாளிக்கிற மணம் வந்தது. கிருஷ்ணகுமாரி உள்ளேயிருந்து, "அண்ணி, சாப்புட வாங்க," என்று கூப்பிட்டாள்.

"ஒனக்கு என்ன வேணும்?"

"கார்ட்டூன் பாக்க டெப் ஒன்னு. பெரிசு."

தர்மிளா இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். பிள்ளை சொல்லாமலே வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நின்றாள். முகத்தில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, தழும்பு தெரிகிற மாதிரிக் கையைத் தூக்கிப் பிடித்தாள். தர்மிளா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"எதால சுட்டாங்க?"

பிள்ளை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கரண்டியாலயா?" என்று கேட்டாள் தர்மிளா.

"ஆமா. கரண்டியால." கண்ணில் தண்ணீர் வந்தது, நிஜத் தண்ணீர். "அத்தை கரண்டிய சூடாக்கி வச்சாங்க."

தழும்பு எப்போது வந்தது என்று டாக்டரால் திட்டமாய்ச் சொல்ல முடியவில்லை. கோர்ட்டில் இரண்டு தவணை கழித்து டிலுக்ஷி தாயிடம் வந்தாள். கிருஷ்ணகுமாரியின் பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாய் உட்கார வைத்து, ஒங்க அம்மா அடிப்பாங்களா, சுடுவாங்களா என்று விசாரித்தார்கள். சின்னது பயத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டியது. கிருஷ்ணகுமாரி மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. தவணைக்கு வரும்போதெல்லாம் அவள் தர்மிளாவை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. டிலுக்ஷி தாயின் பக்கத்தில் கோர்ட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, புது டெப்பில் விளையாடிக்கொண்டிருப்பாள்.

யோகராஜ் அடுத்த வருஷம் வருகிறானாம்.